கண்ணாடி கேட்டார்

அப்பா போன பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். ஒரு செபமாலை, காய்ந்துபோன மைப்புட்டி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பதினோரு நோட்டுகள். தம்பி பத்திரம் ஏதாவது இருக்குமென்று எதிர்பார்த்து வந்திருந்தான். நோட்டுகளைப் புரட்டிவிட்டு, "எல்லாம் சபைக் கணக்கு, நீயே வச்சுக்கோக்கா" என்று என் பக்கம் தள்ளினான்.

அப்பா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரைட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயிலின் வின்சென்ட் தே பவுல் சபைக்குச் செயலாளர். சபையின் வேலை சொல்வதற்குச் சுலபம். இரண்டிரண்டு பேராகப் போய், நடமாட முடியாத முதியவர்களையும் ஆதரவில்லாத வீடுகளையும் பார்த்துவிட்டு வர வேண்டும். பார்த்ததை அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும். சொன்னதை அப்பா நோட்டில் ஏற்றுவார். ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டு நான்கு கட்டம்: தேதி, வீடு, போனவர்கள், கேட்டது.

1968 நவம்பரில் ஒரு பக்கம். கிணற்றடி ஓட்டு வீட்டு ஆச்சிக்கு நேரே நான்காவது கட்டத்தில் "கண்ணாடி கேட்டார்" என்று எழுதியிருக்கிறது. அதைக் காதால் கேட்டு வந்த இரண்டு பேரும் வாத்தியார்கள். அடுத்த வாரம் அவர்களுக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. அவர்களுக்குப் பதிலாகப் போன இருவரும் நோட்டைப் பார்த்தார்கள், சபைப் பணத்தில் தெற்கு பஜாரில் ஒரு கண்ணாடி வாங்கினார்கள், கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தகரச் சட்டம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடி. ஆச்சி அதைக் கையெட்டும் தூரம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுலயும் மங்கலாத்தான் தெரியுது தம்பி" என்றாளாம்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்பா சிரித்தாரா என்று தெரியாது. ஆனால் அதற்கடுத்த பக்கத்தில் நான்கு கட்டத்தையும் நெருக்கிவிட்டு, ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது. தலைப்பு: "சொன்னது." அதாவது, அந்த வீட்டில் நாம் என்ன வாக்குக் கொடுத்துவிட்டு வந்தோம் என்பது. அந்தக் கட்டத்தின் முதல் வரி: "மூக்குக்கண்ணாடி. கண் டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னது. வியாழன்."

நானும் குறிப்பெழுதிப் பிழைத்தவள்தான். முப்பத்து நான்கு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், அதில் முதல் பதினைந்து வருஷம் ட்ரங்க் போர்டு. யார் கேட்டார், எந்த ஊர், எந்த நம்பர், எத்தனை மணிக்குப் பேச ஆரம்பித்தார், எப்போது முடித்தார் என்று ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட் எழுத வேண்டும். ஒரு கட்டம் விட்டுப்போனால் மறுநாள் சூப்பர்வைசரம்மா கூப்பிட்டு விடுவார். ஆகவே கட்டம் போட்ட தாளைக் கண்டால் எனக்குச் சும்மா விட முடியாது. அப்பாவின் நோட்டு எந்த வழியாக எங்கள் ஊர்க் கோயிலில் பூசைப் பொருட்கள் வைக்கும் சக்கிறிஸ்து அறை மேசைக்கு வந்து சேர்ந்தது என்று அறிய, ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த புத்தகங்களையெல்லாம் வாங்கிப் படித்தேன்.

அந்த வழி 1617இல் பிரான்சின் கிழக்கே ஷாத்தியோன் என்ற சிற்றூரில் கிளம்பியிருக்கிறது. வின்சென்ட் தே பவுல் அங்கே பங்குச் சாமியாராக வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, பூசைக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் ஒரு பெண் வந்து, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோரும் நோயில் விழுந்து கிடக்கிறார்கள், ஒருவருக்கொருவர் உதவக்கூட யாருமில்லை என்று சொன்னாள். அவர் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். பிற்பகல் தானும் போய்ப் பார்க்கலாமென்று கிளம்பினால் பாதை நிறையக் கூட்டம். போகிறவர்கள், வருகிறவர்கள், வெயில் தாளாமல் வழியோரம் உட்கார்ந்து இளைப்பாறுகிறவர்கள். அந்த வீட்டில் சாப்பாடு குவிந்து கிடந்தது.

வேறு யாராயிருந்தாலும் சனங்களின் தாராளத்தை மெச்சிவிட்டுத் திரும்பியிருப்பார்கள். வின்சென்ட் குடியானவர் வீட்டுப் பிள்ளை. இன்றைக்குக் குவிந்தது கெட்டுப்போகும், பிறகு அந்த வீடு பழையபடி பட்டினியாகும் என்று அவருக்குப் பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் ஊர்ப் பெண்கள் சிலரைக் கூட்டி, நம் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்துவிட்டார். டிசம்பரில் அது விதிகள் உள்ள ஒரு சபையாகவே ஆகிவிட்டது.

அந்த விதிகளைப் படித்தால் ஒரு மாமியார் எழுதியதுபோல இருக்கும், அவ்வளவு நுணுக்கம். சாப்பாட்டுத் தட்டைப் படுக்கையில் எப்படி வைப்பது, துணி விரிப்பது, நோயாளிக்குக் கை கழுவிவிடுவது, இறைச்சியைத் துண்டு போட்டுக் கொடுப்பது, முகமலர்ச்சியோடு பேசுவது. அதில் ஒரு விதியை நான் பல தடவை திரும்பப் படித்தேன். கூட ஆள் இருக்கிற நோயாளியிடம் முதலில் போக வேண்டும், தனியாக இருப்பவரைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அவரோடு கூடுதல் நேரம் இருக்க முடியும். அப்பா இந்த விதியைப் படித்திருக்க வழியே இல்லை. ஆனாலும் அவர் நோட்டில் ஒவ்வொரு வாரமும் கடைசி வரி கிணற்றடி ஆச்சிதான்.

இருநூறு வருஷம் தாண்டி, எங்கள் சபை பிறந்த பாரிஸுக்கு வருகிறேன். 1832இல் காலரா அந்த நகரத்தை வாரிக்கொண்டு போயிருந்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் 23ஆம் தேதி, சட்டம் படிக்க வந்த பிரெதெரிக் ஓசானாமுக்கு இருபது வயது நிறைந்தது. அன்றைக்குத்தான் அவரும் கல்லூரி நண்பர்கள் ஐந்து பேரும் எம்மானுவேல் பாயி என்ற பத்திரிகையாளரின் அலுவலகத்தில் கூடினார்கள். அதற்கு முன் அவர்களுக்கு ஒரு சரித்திர விவாதக் கழகம் இருந்தது. அங்கே எதிர்க்கட்சி மாணவர்கள், பழைய பெருமை பேசுகிறீர்களே, இன்றைக்கு ஏழைக்கு உங்கள் மதம் என்ன செய்கிறது என்று குத்திக்கொண்டிருந்தார்கள். குத்து சரியான இடத்தில் பட்டது. விவாதக் கூட்டத்துக்கு அவர்கள் மொழியில் கான்பரன்ஸ் என்று பெயர். விவாதத்தை விட்டார்கள், பெயரை விடவில்லை. எங்கள் பங்கில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட "கான்பரன்ஸ் ஆளுக வந்துட்டுப் போனாங்க" என்று சொல்வது அந்த மாணவர்களிடமிருந்து வந்த மிச்சம்.

ஆனால் அவர்களுக்கு ஒரு ஏழையின் விலாசமும் தெரியாது. அவர்களில் பொருளாளராக இருந்த ஜூல் தெவோ, மூஃப்தார் சேரியில் வேலை செய்த ரோசலி ரொந்து என்ற கன்னியாஸ்திரியிடம் போனார். வின்சென்ட் தொடங்கிய சபையின் சகோதரி அவர், ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தெருக்களிலேயே இருந்தவர். எந்த வீட்டில் யார், யாருக்கு என்ன என்று எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அவர் கொடுத்தவை இரண்டு: போய்ப் பார்க்க வேண்டிய குடும்பங்களின் பட்டியல், ரொட்டிக்கும் விறகுக்கும் மாற்றிக்கொள்ளும் சீட்டுகள். படித்த பையன்கள் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். இந்தப் பரம்பரையில் முதல் தகவல் பலகை ரோசலி அம்மாள்தான். எக்ஸ்சேஞ்ச் பாஷையில் சொன்னால், எல்லாக் கம்பியும் அவர் போர்டில் வந்து முடிந்தன.

அடுத்த வருஷ முடிவில் சபையில் நூறு பேருக்கு மேல். அத்தனை பேரும் ஒரே அறையில் கூடி ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் பேச முடியாது. பிரிவதா வேண்டாமா என்று கண்ணீரும் கோபமுமாகச் சண்டை நடந்து கடைசியில் பிரிந்தார்கள். 1835இல் பிரான்சுவா லாலியே விதிகளை எழுதினார். எங்கள் கூட்டம் இன்றைக்கும் அந்த வரிசையில்தான் நடக்கிறது: செபம், சிறிது வாசிப்பு, போன வாரக் குறிப்பைப் படிப்பது, ஒவ்வொரு ஜோடியும் தாங்கள் பார்த்த வீட்டைப் பற்றிச் சொல்வது, அடுத்த வாரத்துக்கு யார் எங்கே என்று முடிவு செய்வது, இரகசியப் பை. பைக்குள் எவ்வளவு போட்டீர்கள் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. ஒன்றும் போடாமல் கையை மட்டும் விட்டு எடுக்கலாம். நானே எடுத்திருக்கிறேன், மாதக் கடைசியில்.

இந்த வரிசையில் போன வாரக் குறிப்பைப் படிக்கிற இடம் ரொம்ப முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. போய்விட்டு வந்தவன் எல்லோர் முன்னாலும் தன் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்கிறான். போகாதவனும் கேட்கிறான். அந்த அறையில் ஏழை இல்லை, அவரை யாரும் விசாரிக்கவில்லை. விசாரணை முழுக்கப் போகிறவர்கள் மேல்.

இதே காலத்தில் வேறு மாதிரித் தாளும் உலகத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. கிளாஸ்கோவில் தாமஸ் சால்மர்ஸ் என்ற பிரெஸ்பிட்டீரியன் போதகர் 1819இல் புனித யோவான் பங்கை 25 துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு உதவிக்காரரை வைத்தார். பத்தாயிரத்துக்கு மேல் சனம். ஒவ்வொரு உதவிக்காரரும் தன் வீடுகளை நேரில் அறிந்திருந்தார், அது நல்லதுதான். ஆனால் உதவி என்று யாராவது வந்தால் முதலில் விசாரணை: வேலை செய்ய முடியுமா, சம்பாதிக்கிற பிள்ளை உண்டா, சொந்தக்காரர் யாராவது தாங்குவார்களா. எதுவும் இல்லையென்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

ஜெர்மனியில் எல்பர்ஃபெல்ட் என்ற நெசவு ஊர் இதையே இன்னும் இறுக்கிப் பிடித்தது. 1853இல் ஊரைச் சிறு சிறு வட்டமாகப் பிரித்தார்கள். வட்டத்துக்கு ஒரு கௌரவப் பார்வையாளர், அவருக்கு நான்கு வீட்டுக்கு மேல் கிடையாது. உதவித்தொகை இரண்டு வாரத்துக்குத்தான் தருவார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி நேரில் பார்த்து, கேள்வித்தாள் நிரப்பினால்தான் அடுத்த தவணை. நகராட்சியே நடத்திய ஏற்பாடு இது. பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். ஆளுக்கு நான்கு வீடு என்ற கணக்கை நானும் மெச்சுகிறேன். எங்கள் சபையில் ஒரு ஜோடிக்கு ஒன்பது வீடு கொடுத்த வருஷம் உண்டு, பார்த்த வீட்டையே மறந்துவிட்டு வந்தார்கள். அந்தக் கேள்வித்தாளை நினைத்தால்தான் கசக்கிறது. கஞ்சிக்கு வழியில்லாதவன் பதினைந்து நாளைக்கு ஒருமுறை தன் இல்லாமையை நிரூபிக்க வேண்டும்.

லண்டனில் 1869இல் தோன்றிய தருமச் சீரமைப்புச் சங்கம் அடுத்த படி ஏறியது. ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் உதவி வாங்கிவிடுகிறாரா என்று பார்க்க ஊர் முழுவதற்கும் பொதுப் பதிவேடு. ஷாத்தியோனில் வின்சென்ட் கவலைப்பட்டதும் ஒரே வீட்டில் மிதமிஞ்சிக் குவிவதைப் பற்றித்தான். அவர் சோறு வீணாவதைப் பார்த்தார், இவர்கள் ஏழை ஏமாற்றுவதைத் தேடினார்கள். இன்றைய சமூகப்பணிக் கோப்புகளுக்கெல்லாம் மூத்தது இந்தப் பதிவேடுதான். பிற்பாடு அது மனிதத் தன்மை பெற்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அரசு அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிய எவருக்கும் எல்பர்ஃபெல்ட் தூரத்து ஊர் இல்லை.

எழுத்தே இல்லாமல் நடந்ததும் உண்டு. 1839 குளிர்காலத்தில் பிரான்சின் வடமேற்குக் கடற்கரையில், சேன்-செர்வான் என்ற ஊரில் ஜான் ஜுகான் என்ற வேலைக்காரப் பெண், பார்வையிழந்த ஒரு கிழவியைத் தூக்கி வந்து தன் கட்டிலில் படுக்கவைத்தார். பிறகு இன்னும் பலர் வந்தார்கள். அவர்களில் தெருவில் பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். இனி நீங்கள் போக வேண்டாம், உங்களுக்கு வழக்கமாகப் போடுகிற வீடுகளைச் சொல்லுங்கள், நான் போகிறேன் என்று சொல்லிக் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினார் அவர். கிழவிகள் நினைவிலிருந்து சொன்ன அந்த வீட்டு வரிசையில்தான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை வளர்ந்தது.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன், அதில் எனக்குச் சொந்த வழக்கு உண்டு. ஓசானாம் தொடங்கியது ஆண்கள் சபை. 1960களின் கடைசிவரை விதி அப்படித்தான். டப்ளினில் அந்தச் சபையில் இருந்த ஃபிராங்க் டஃப் என்ற அரசு ஊழியர், 1921 செப்டம்பர் 7ஆம் தேதி பிரான்சிஸ் தெருவில் மைரா ஹவுஸ் என்ற கட்டடத்தில், பெரும்பாலும் இளம்பெண்களைக் கொண்டு ஒரு கூட்டம் தொடங்கினார். முதல் வேலை, சவுத் டப்ளின் யூனியன் என்ற ஏழைகள் விடுதி மருத்துவமனையின் பெண்கள் வார்டுகளுக்குப் போவது. அதுதான் நம் ஊர்க் கோயில்களில் மரியாயின் சேனை என்று கொடி பிடித்து நிற்பது. ஓசானாமின் ஆட்கள் ரொட்டிச் சீட்டு கொண்டு போனார்கள். சேனைக்காரர்களுக்குப் பொருள் எதுவும் கொடுக்கக்கூடாது என்றே விதி. வெறுங்கையோடு போய், உட்கார்ந்து, பேசிவிட்டு, வாராந்தரக் கூட்டத்தில் எழுந்து எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அங்கேயும் இரண்டிரண்டு பேர்தான். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துச் சொல்வார், கூட்டிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் இருமுவார்.

எங்கள் பங்கில் அம்மா சேனையில், அப்பா கான்பரன்ஸில். ஒரே கிணற்றடி ஆச்சியை இருவரும் வேறு வேறு நாளில் பார்த்துவந்தார்கள். அம்மா நோட்டு எழுதியதில்லை. ஆனால் ஆச்சியின் மகள் பம்பாயில் எந்தத் தெருவில் இருக்கிறாள், பேரனுக்கு என்ன பெயர், எந்தப் பல் ஆடுகிறது எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குச் சந்தேகம் வந்தால் அடுப்படி வாசலில் நின்று கேட்பார். நோட்டில் மகளின் விலாசம் இருக்கிற இடத்தில் பென்சிலில் சின்னதாக "அம்மையிடம் கேட்டது" என்று ஒரு குறிப்பு உண்டு. அப்பா தன் மனைவியைச் சான்றாகக் காட்டி எழுதிய இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நோட்டில் வீட்டுக்காரர் பெயர்கள் கிடையாது. நோட்டு சக்கிறிஸ்து அறை அலமாரியில் கிடக்கும், பூசைக்கு உதவுகிற பையன்கள் புரட்டுவார்கள். இன்னார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது தெருவுக்குத் தெரியலாமா? ஆகவே எல்லாம் அடையாளம்தான்: கிணற்றடி ஓட்டு வீடு, முடுக்கு வீடு, தையல் மிஷின் தாத்தா, முருங்கைமரத்து வீடு. முருங்கை மரம் 1977இல் ஒரு காற்றில் சாய்ந்துவிட்டது. அப்பா பெயரை மாற்றவில்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் மரத்தைத் தேடி சமாதானபுரம்வரை அலைந்துவிட்டு, வேறு யாரோ வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த வீடும் அதற்கடுத்த வாரம் பட்டியலில் ஏறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கும் ஞாயிற்றுக்கும் நடுவில் சேதி போக அன்றைக்கு மூன்று வழி. வெளியூர் போகிற உறுப்பினர் ஒரு கார்டு போடுவார்: "இந்த வாரம் வர இயலாது, எனக்குப் பதில் ஆள் அனுப்பவும்." முதல் வெள்ளிக்கு நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்கப் போகும் சாமியார், கூடப் போகும் உபதேசியாரிடம் சொல்லி அனுப்புவார். எல்லாவற்றையும்விட வேகமானது பால்காரர். விடியற்காலம் யார் கதவு திறக்கவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். நான் எக்ஸ்சேஞ்ச் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா சொன்னார்: "நம்ம பால்காரர் இருக்காரே, அவர் சம்பளம் வாங்காத எக்ஸ்சேஞ்ச்."

1987இல் நான் சபையில் சேர்ந்தேன். விதி மாறி இருபது வருஷம் ஆகியிருந்தும் எங்கள் கூட்டத்தில் நான்தான் முதல் பெண். ஒரு பெரியவர் மூன்று மாதம் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே அறிக்கை சொன்னார். 1990இல் எழுத ஆளில்லாததால் நோட்டு என்னிடம் வந்தது.

நோட்டு என்னிடம் இருக்கும்போதுதான் போர்வைச் சங்கதி நடந்தது. 1991 டிசம்பர். முடுக்கு வீட்டு ஆச்சிக்குச் சபையிலிருந்து ஒரு போர்வை கொடுத்தோம். மரியாயின் சேனை ஒன்று கொடுத்தது. இளைஞர் குழு ஒன்று. யாரோ அலுவலக ஊழியர்கள் ஒன்று. பக்கத்துப் பங்கிலிருந்து கிறிஸ்துமஸ் கீதம் பாட வந்தவர்கள் ஒன்று. ஒரே வாரத்தில் ஐந்து. பாளையங்கோட்டையில் போர்வை தேவைப்படுகிற குளிர் வருஷத்துக்குப் பத்து நாள் இருந்தால் அதிகம். ஜனவரி முழுக்க அந்த வீட்டுக்கு யாருமே போகவில்லை. எல்லோரும் இப்போதுதானே போனோம் என்று இருந்துவிட்டார்கள், நான் உட்பட. பிப்ரவரியில் போனால் ஆச்சி நான்கு போர்வையை மூட்டையாகக் கட்டித் தலைக்கு உயரம் வைத்துப் படுத்திருக்கிறாள். "ஏட்டி, போர்வையெல்லாம் வந்துச்சு, ஆளுகதான் வரல" என்றாள். அப்போது எனக்கு ஷாத்தியோன் என்ற ஊர்ப் பெயர்கூடத் தெரியாது. தெரிந்திருந்தால் 1617இலேயே மருந்து கண்டுபிடித்த நோய் இது என்று அந்த வருஷமே எழுதி ஒட்டியிருப்பேன். அதன் பிறகு டிசம்பர்தோறும் ஐந்து குழுவிலிருந்தும் ஆளுக்கொருவரை உட்காரவைத்து யார் என்ன மாதம் என்று முறை வைத்தோம். ஈஸ்டர்வரை ஒழுங்காக நடக்கும். பிறகு ஆடிக்காற்று போல ஒவ்வொன்றாகப் பறக்கும்.

அமெரிக்காவில் இந்த முறை வைப்பதற்கே ஒரு பெரிய அறக்கட்டளை பணம் கொடுத்தது. ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை 1983இல் எடுத்த முடிவின்படி 25 இடங்களில், ஒரே ஊரின் பல சர்ச்சுகளும் யூத ஆலயங்களும் சேர்ந்து, வீட்டோடு கிடக்கும் முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் தன்னார்வலரை அனுப்பும் கூட்டமைப்புகள் தொடங்கின. 1993இல் அது ஃபெயித் இன் ஆக்‌ஷன் என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவியது. சம்பளத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார், யாருக்கு யார் என்று பொருத்திவைப்பதும் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பதும் அவர் வேலை. ரோசலி அம்மாளின் நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்தால் கூடவே கணக்கும் வரும். எத்தனை பேர், எத்தனை வருகை, எத்தனை மணி நேரம். மணிக்கணக்கு ட்ரங்க் காலுக்குப் பொருந்தும். கூடத்தில் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டபடி ஒரு தாத்தா முக்கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததற்கு என்ன ரசீது?

எங்கள் ஊரில் அறக்கட்டளைக்கு முன்னால் செல்போன் வந்தது. முதலில் வாட்ஸப் குழு என்றதும் நான்தான் கைதட்டினேன். ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. "முடுக்கு வீட்டில் சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது" என்று ஒருவர் போட்ட சேதி, ரோஜாப்பூ வைத்த நாற்பது காலை வணக்கங்களுக்குக் கீழே மூன்று நாள் புதைந்து கிடந்தது. அறையில் பதினைந்து பேர் முன்னால் சத்தமாகச் சொன்னபோது ஒருவர் காதிலாவது விழுந்துகொண்டிருந்தது.

அதைவிடப் படம் பிடிக்கிற பழக்கம் எனக்கு ஆகவில்லை. பெயர் சொல்ல வேண்டாம், ஒரு குழுவினர் பேனரோடு வந்து தையல் மிஷின் தாத்தாவுக்கு அரிசிப் பை கொடுத்து, பையில் ஆறு பேர் கைவைத்தபடி படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். தாத்தாவின் மகன் மஸ்கட்டில் இருந்து அதைப் பார்த்துவிட்டுப் போனில் கத்தினான். அவனால் பணம் அனுப்ப முடியாத வருஷம் அது. அதன் பிறகு தாத்தா எங்களுக்கும் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே பேசி, நான்கு மாதம் கழித்துத்தான் உள்ளே விட்டார். முருங்கைமரத்து வீடு என்று அப்பா எழுதியதன் அர்த்தம் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றபோதுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது.

2020 மார்ச் 25 முதல் யாரும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்றானபோது, பட்டியலில் 23 வீடு. நான் பழைய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி ஆபரேட்டர் ஆனேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடியும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் முதுகில் டிக்கெட் எழுதினேன்: வீடு, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், சொன்னது. போன் இல்லாத ஆறு வீட்டுக்குப் பக்கத்து வீட்டு நம்பர். மற்றவர்கள் எடுப்பதற்குள் எட்டுத் தடவை மணி அடிக்கும், ஒன்பதாவதில் எடுப்பார்கள். எடுத்ததும் முதல் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "எப்ப வருவ?" ஐந்தாவது கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லாத நாட்கள் அவை. "பிறகு" என்று எழுதிவைத்தேன், வரிசையாக.

போன மாதம் சபையில் ஒரு பையன், பொறியியல் படிக்கிறவன், என் நோட்டைப் பார்த்துவிட்டு "ஆன்ட்டி, இதை கூகுள் ஃபார்ம் ஆக்கிடலாம், எல்லாரும் போன்லயே நிரப்பிடலாம்" என்றான். எனக்குக் கண்புரை அறுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது, சம்மதித்தேன். பெயர் வேண்டாம், வீட்டு அடையாளம் போதும் என்றேன். படம் ஏற்றுகிற இடத்தை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்தான். தேதி, வீடு, போனவர்கள், கேட்டது எல்லாம் சரியாக இருந்தன. "சொன்னது" இல்லை. நோட்டைத் திறந்து காட்டி அதையும் சேர்க்கச் சொன்னேன்.

"இது கட்டாயமா நிரப்பணுமா ஆன்ட்டி, இல்ல இஷ்டமிருந்தா போதுமா?"

"கட்டாயம்."

தலைப்புக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் ஒன்று வந்தது. அதை நிரப்பாமல் அனுப்ப முயன்று பார்த்தேன், ஏற்கவில்லை. அப்பாவின் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. பிறகு நேற்றுப் பார்த்த வீட்டை முதல் பதிவாக நானே ஏற்றினேன். முடுக்கு வீடு. இப்போது அங்கே இருப்பது அந்த ஆச்சியின் மகள், அவளுக்கே எழுபத்தெட்டு. கேட்டது: ரேடியோ பாடவில்லை. சொன்னது: பென்சில் செல் இரண்டு, செவ்வாய்க்கிழமை.

நாளைக்குச் செவ்வாய். செல் வாங்கி வைத்துவிட்டேன். பெரியதா சின்னதா என்று கேட்க மறந்துபோனதால் இரண்டிலும் இரண்டிரண்டு.